தீப்பந்தம் எத்தனை சுற்று எரியும்?

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரின் முதல் பகுதி ஒரு விளையாட்டோடு சூடுபிடிக்கிறது. 1983 நவம்பர். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஒரு வீட்டின் அடித்தளத்தில் நான்கு பையன்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கத்திக்கொண்டிருக்கிறார்கள். கதைக்குள் அரக்கன் வந்து நிற்கிறான். வில் என்ற பையன் தீக்கோள மந்திரத்தை ஏவ வேண்டும். பகடையில் 13 அல்லது அதற்கு மேல் விழுந்தால்தான் பலிக்கும். உருட்டுகிறான். பகடை மேசையை விட்டுத் தெறித்து எங்கோ ஓடுகிறது. விழுந்திருப்பது ஏழு.

அருமையான காட்சி. ஆனால் அந்த வருடம் கடைகளில் விற்ற 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' புத்தகங்களின்படி அப்படி ஓர் உருட்டலே கிடையாது. மந்திரவாதி தீக்கோளத்தை எறிந்தால் எறிந்ததுதான், குறி தப்பாது. எவ்வளவு காயம் என்பதற்கு மட்டும் அவன் உருட்டுவான். தப்பிக்க உருட்ட வேண்டியவன் எதிரே நிற்கும் அரக்கன், அதாவது அரக்கனின் சார்பில் ஆட்டத்தை நடத்துபவர். தப்பினால் பாதிக் காயம், தவறினால் முழுக் காயம். தொடரை எழுதியவர்கள் தெரிந்து மாற்றினார்களோ தெரியாமல் மாற்றினார்களோ, மாற்றியது சரிதான். உருட்டுகிற கை பையனுடையதாக இருந்தால்தான் பார்க்கிற நமக்கு மூச்சு நிற்கும். 2008-ல் வந்த நான்காம் பதிப்பும் இதையே செய்தது: பகடையை மந்திரவாதியின் கையில் கொடுத்தது. 2014-ன் ஐந்தாம் பதிப்பு அதைப் பிடுங்கி மறுபடி எதிராளியிடமே கொடுத்துவிட்டது. வெற்றி வாய்ப்பைக் கணக்குப் போட்டு இரண்டு முறையிலும் ஒரே அளவாக வைத்துவிட முடியும். மேசையில் யார் நிமிர்ந்து உட்காருகிறார்கள் என்பது மட்டும் ஒரே அளவாக இருக்காது.

இந்த ஆட்டத்தைப் பழகாதவர்களுக்காகச் சுருக்கமாக: இதில் வெல்வதற்கென்று கட்டமோ காயோ இல்லை. ஒருவர் 'டன்ஜன் மாஸ்டர்'. பாதாளம், அதில் குடியிருக்கும் பூதங்கள், ஊர்ச் சத்திரக்காரர் எல்லாரும் அவர் வாயால்தான் பேசுவார்கள். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். "கதவில் காதை வைத்துக் கேட்கிறேன்" என்று ஒருவர் சொன்னால் என்ன கேட்கிறது என்று மாஸ்டர் சொல்வார். முடிவு இப்படியும் அப்படியும் ஆகலாம் என்ற இடத்தில் பகடை. விஸ்கான்சின் மாநிலத்து கேரி கைகாக்ஸும் மினசோட்டாவின் டேவ் ஆர்னசனும் 1974-ல் மூன்று சிறு புத்தகங்களாக இதை வெளியிட்டார்கள். முதல் அச்சு ஆயிரம் பிரதிகள்தான்.

இருவரும் போர் விளையாட்டுக்காரர்கள். பொம்மைச் சிப்பாய்களை நகர்த்திப் பழைய யுத்தங்களை மேசையில் ஆடிப் பார்க்கும் கூட்டத்திலிருந்து வந்தவர்கள். அந்த உலகத்தில் ஒரு விதி நல்லதா என்று கேட்டால், 'நிஜத்தில் அப்படித்தான் நடக்குமா' என்ற கேள்விதான் பதிலாக வரும். பீரங்கி அவ்வளவு தூரம் சுடுமா, குதிரை அவ்வளவு வேகம் ஓடுமா என்று பார்ப்பார்கள். இந்தப் பழக்கம் புது ஆட்டத்துக்குள்ளும் கூடவே வந்தது. 1978-ல் வந்த 'அட்வான்ஸ்டு' பதிப்பில், எந்த ஆயுதம் எந்தக் கவசத்தின் மேல் எவ்வளவு எடுபடும் என்று பெரிய அட்டவணையே இருக்கிறது. சங்கிலிக் கவசத்தின் மேல் கதாயுதத்துக்கு ஒரு எண், வாளுக்கு ஒரு எண். கணக்கில் பிழை சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு வெட்டுக்கும் புத்தகத்தைப் புரட்ட வேண்டும். பெரும்பாலான மேசைகள் அந்தப் பக்கத்தைத் தொடாமலே ஆடின.

நிஜத்தோடு ஒத்துப்போகிறதா என்பது இரண்டாம் பட்சம். இந்த விதி இருப்பதால் ஆடுபவர்கள் எதைப் பற்றி யோசிக்கிறார்கள், எதைப் பற்றி வாதாடுகிறார்கள், எதைச் செய்யத் துணிகிறார்கள் என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது என்பது என் கட்சி. இதற்கு நல்ல சாட்சி, கேட்டவுடன் சிரிப்பு வரவழைக்கும் ஒரு பழைய விதி: பாதாளத்திலிருந்து ஒரு பொற்காசை வெளியே கொண்டுவந்தால் ஓர் அனுபவப் புள்ளி.

தங்கம் சுமந்தால் வாள் வீச்சு எப்படித் தேறும்? தேறாது. நிஜத்தோடு ஒப்பிட்டால் அபத்தம். ஆனால் டாம் மோல்ட்வே திருத்தி எழுதிய 1981-ன் 'பேசிக்' புத்தகத்தை எடுத்து எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு வீரன் இரண்டாம் நிலைக்கு ஏற 2,000 புள்ளிகள் வேண்டும். ஓர்க் எனப்படும் சாதாரணப் பூதம் ஒன்றைக் கொன்றால் கிடைப்பது 10 புள்ளி, அதுவும் கூட வந்தவர்களோடு பங்கு. முதல் நிலை வீரனின் உயிர்ப்புள்ளிகள் பெரும்பாலும் எட்டைத் தாண்டாது. ஓர்க்கின் கத்தி நன்றாக ஒரு முறை பட்டாலே ஆள் காலியாகலாம். அதே ஓர்க்கின் பெட்டியில் 300 காசு இருந்தால், பங்கு போட வேண்டியது 300 புள்ளி.

இந்த எண்களை உள்வாங்கிய எவரும் வாளை உருவிக்கொண்டு ஓட மாட்டார். ஓர்க்குகள் தூங்கும் நேரம் பார்ப்பார். எதிர்க்கோஷ்டியோடு மூட்டிவிட முடியுமா என்று யோசிப்பார். பேரம் பேசுவார். கூரை வழியாகக் கயிறு இறக்குவார். 'புத்திசாலித்தனமாக ஆடுங்கள்' என்று புத்தகம் எங்கும் உபதேசம் செய்யத் தேவையில்லை, கூலி எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் மூளை போகும். 1989-ன் இரண்டாம் பதிப்பு இந்த விதியை 'வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்' என்று ஓரமாகத் தள்ளியது. தங்கத்துக்காகக் கொள்ளையடிப்பது வீரர்களுக்கு அழகல்ல என்ற எண்ணமும் அதில் இருந்திருக்கலாம். விளைவு என்னவென்றால் புள்ளிகளில் பெரும்பங்கு பூதங்களை வீழ்த்துவதிலிருந்து வர ஆரம்பித்தது. அப்படியானால் கண்ணில் பட்டதையெல்லாம் வெட்டுவதுதான் புத்திசாலித்தனம். ஒழுக்கத்தைக் கூட்டப் போய் ரத்தத்தைக் கூட்டிய கதை.

ஆனால் தங்கம் தனியாக நின்று இதைச் சாதிக்கவில்லை. அதே 1981 புத்தகத்தில் அதோடு பிணைந்த இன்னும் சில விதிகள் உண்டு. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் கணக்குப்பிள்ளை வேலை. பாதாளத்தில் நேரம் பத்து நிமிடச் சுற்றுகளாக ஓடும். ஒரு தீப்பந்தம் ஆறு சுற்று எரியும். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை மாஸ்டர் ஆறு முகப் பகடையை உருட்டுவார். ஒன்று விழுந்தால் எங்கிருந்தோ ஏதோ ஒன்று வருகிறது. அப்படித் திரியும் பூதங்களிடம் பெரும்பாலும் புதையல் இருக்காது, அடிவாங்குவதுதான் மிச்சம். கவசம் இல்லாதவர் ஒரு சுற்றில் 120 அடி நடப்பார். உலோகக் கவசம் போட்டவர் 60 அடி. அதோடு புதையலையும் சுமந்தால் 30 அடி.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. குழு உள்ளே வந்து பெட்டியைக் கண்டுபிடித்துவிட்டது. வாசலுக்குத் திரும்ப 360 அடி நடக்க வேண்டும். கவச வீரன் வெறுங்கையோடு நடந்தால் ஆறு சுற்று: ஒரு தீப்பந்தம், மூன்று பகடை உருட்டல்கள். வழியில் ஏதாவது எதிர்ப்படும் வாய்ப்பு சுமார் 42 சதவீதம். காசு மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் பன்னிரண்டு சுற்று: இரண்டு தீப்பந்தம், ஆறு உருட்டல்கள். எதிர்ப்படும் வாய்ப்பு 66 சதவீதத்தைத் தாண்டுகிறது. (இடையில் ஓய்வெடுக்க வேண்டிய சுற்றையும் சேர்த்தால் இன்னும் மோசம்.) கையில் மிச்சம் ஒரு தீப்பந்தம்தான் என்றால்?

மேசையில் இனி நடக்கப்போவதை எந்த மாஸ்டரும் திட்டமிட வேண்டியதில்லை. மூட்டையில் பாதியை இங்கேயே ஒளித்துவிட்டு நாளை வரலாம் என்பார் ஒருவர். நாளை வரும்போது இருக்குமா என்பார் இன்னொருவர். கவசத்தைக் கழற்றி எறிந்துவிட்டு மூட்டையைத் தூக்கு என்று மூன்றாமவர் சொல்ல, 'அப்படியானால் நீ முன்னால் நட' என்று வீரன் எகிறுவான். நாடகத்துக்கு வேண்டிய எல்லாம் வந்துவிட்டது, பூதம் இன்னும் வரவே இல்லை. நேரம், வெளிச்சம், சுமை, தங்கம் என்ற நான்கும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கின்றன. இந்த ஆட்டத்தின் ஐம்பதாண்டு வரலாற்றில் இதைவிட நேர்த்தியான வடிவமைப்பு எனக்குத் தெரியாது.

அந்தத் திரியும் பூதம் வந்துவிட்டாலும் உடனே சண்டை என்று இல்லை. இரண்டு ஆறு முகப் பகடைகளை உருட்டி அதன் மனநிலையை மாஸ்டர் பார்ப்பார். இரண்டு விழுந்தால் பாய்ந்து தாக்கும், பன்னிரண்டு விழுந்தால் நட்பு. இரண்டுக்குமே 36-ல் ஒரு வாய்ப்புதான். நடுவில் ஆறு முதல் எட்டுவரை விழுந்தால் அதற்கே என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும். 36-ல் 16 முறை அப்படி. அந்தத் தயக்கத்துக்குள் ஒரு வார்த்தை பேச இடம் கிடைக்கிறது. தங்க விதி 'சண்டையைத் தவிர்' என்று ஆசை காட்டினால், இந்த விதி தவிர்ப்பதற்கு வழி விடுகிறது. ஆசையைக் காட்டிவிட்டு வழியை அடைத்துவைக்கும் ஆட்டங்களும் நிறைய உண்டு.

நேரம், வெளிச்சம், சுமை, தங்கம் என்ற அந்த நான்கில் ஒன்றிரண்டை உருவிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஐந்தாம் பதிப்பைப் பார்க்கலாம். அதில் முதல் நிலை மந்திரவாதிகூட வெளிச்ச மந்திரத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம், செலவே இல்லை. குள்ளர், எல்ஃப் முதலான இனங்களுக்கு இருட்டிலும் கண் தெரியும். சராசரி பலமுள்ள ஆள் 150 பவுண்டு எடையை வேகம் குறையாமல் சுமப்பார். பொருள் பட்டியலில் தீப்பந்தம் இன்னும் இருக்கிறது, விலையும் போட்டிருக்கிறார்கள். யாரும் அதைப் பற்றிக் கேட்பதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தப் பதிப்பு வேறு ஒன்றை விரும்புகிறது: நாயகர்கள், அவர்களின் வண்ணமயமான சண்டைகள். பிரச்சினை எங்கே வருகிறதென்றால், சுமை விதியும் தீப்பந்தமும் பாதாள வரைபடமும் பழைய சொத்தாகப் புத்தகத்தில் தங்கிவிடுவதில்தான். இருள் பயமுறுத்தும் என்று அட்டைப்படம் சொல்கிறது, உள்ளே இருள் யாரையும் ஒன்றும் செய்வதில்லை. 2023-ல் கெல்சி டியோன் வெளியிட்ட 'ஷேடோடார்க்' ஆட்டம் இந்த இடத்தில்தான் கைவைத்தது. அதில் ஆடுபவர்களின் பாத்திரம் எதற்கும் இருட்டில் கண் தெரியாது. தீப்பந்தம் எரிவது கடிகாரத்தில் நிஜமான ஒரு மணி நேரம். வெளிச்சத்துக்காகச் சுற்றுகளை எண்ணும் வேலை மாஸ்டருக்கு இல்லை. டீ குடித்துக்கொண்டு வளவளவென்று பேசினால் அதுவும் வெளிச்சத்தைத் தின்னும். பழைய புத்தகத்தின் கேள்வியை வைத்துக்கொண்டு கணக்கை மட்டும் தூக்கி எறிந்திருக்கிறார்.

கணக்கு என்றதும் சொல்ல வேண்டியது: சிக்கலான விதி என்பதாலேயே அது கெட்ட விதி ஆகிவிடாது. 1980 வாக்கில் தொடங்கிய 'ரோல்மாஸ்டர்' ஆட்டம் அட்டவணைகளுக்குப் பேர்போனது. ஒவ்வொரு ஆயுதத்துக்கும் ஒரு பக்கம், அடி பலமாகப் பட்டால் இன்னொரு பக்கம். ஆனால் அந்த இன்னொரு பக்கத்தில் எலும்பு எங்கே முறிந்தது, எந்த நரம்பு அறுந்தது என்று விலாவாரியாக எழுதியிருப்பார்கள். அதை வாசித்துக் கேட்க மேசையே காத்திருக்கும். புரட்டிய உழைப்புக்குக் கூலி கிடைத்துவிடுகிறது. 1978-ன் ஆயுத-கவச அட்டவணையில் அத்தனை புரட்டலுக்குப் பிறகு கிடைப்பது கூட்டல் ஒன்றோ கழித்தல் இரண்டோ, அவ்வளவுதான்.

கூலி கொடுக்காத சிக்கல் சும்மா இருந்துவிட்டும் போவதில்லை. மூன்றாம் பதிப்பில் (2000) ஒருவரை மல்லுக்கட்டிப் பிடிக்க விரும்பினால் முதலில் எதிராளிக்கு ஓர் இலவச அடி. அது பட்டுக் காயமானால் முயற்சி பாழ். தப்பினால் தொடுவதற்கு ஓர் உருட்டல். தொட்டால் இருவரும் எதிரெதிராக ஓர் உருட்டல், அதில் உடலளவுக்குத் தனிக் கணக்கு. "அவனைக் கட்டிப்பிடிக்கிறேன்" என்று யாராவது சொன்னால் மேசையில் ஒரு முனகல் எழும். நாளடைவில் யாரும் சொல்வதில்லை. தடை செய்யாமலே ஒரு செயலை ஆட்டத்திலிருந்து ஒழித்துக்கட்ட இதைவிடச் சுலபமான வழி இல்லை. ஐந்தாம் பதிப்பு அதை ஒரே ஓர் எதிரெதிர் உருட்டலாகச் சுருக்கியது, மல்லர்கள் திரும்பி வந்தார்கள்.

அதே பதிப்பின் இன்னொரு நல்ல காரியம், சாதக பாதக விதி. மூன்றாம் பதிப்பில் உயரத்தில் நின்றால் கூட்டல் ஒன்று, கூட்டாளியோடு எதிரெதிர்ப் பக்கங்களில் நின்று தாக்கினால் கூட்டல் இரண்டு என்று சில்லறை சேர்த்துக்கொண்டே போவார்கள். ஐந்தாம் பதிப்பில் நிலைமை உங்களுக்குச் சாதகமா? இருபது முகப் பகடையை இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். பாதகமா? சிறியதை. கூட்டத் தேவையில்லை, நினைவில் வைக்கத் தேவையில்லை. கணிதமும் அழகு: 11 வேண்டும் என்ற நடுத்தரமான முயற்சியில் 50 சதவீதம் 75 ஆகிறது. 20-தான் வேண்டும் என்ற குருட்டு முயற்சியில் 5 சதவீதம் 9.75 ஆகிறது. சந்தேகம் அதிகமுள்ள இடத்தில் அதிகமாகக் கைகொடுக்கிறது, நடக்காத காரியத்தை நடத்திக் காட்டுவதில்லை.

பகடையைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் வெற்றி வாய்ப்பைத்தான் பேசுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, தோற்றால் என்ன ஆகும் என்பது. தாயம் விழாமல் காயை இறக்க முடியாமல் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்தவர்களுக்கு இந்த வேதனை தெரியும்: உங்கள் முறை வந்தது, போனது, உலகம் அப்படியே இருக்கிறது. இந்த ஆட்டங்களில் பல வருடங்களாக இதே கதைதான். பூட்டைத் திறக்கிறேன், தோல்வி. சரி, அடுத்து? ஒன்றும் இல்லை. பூட்டு பூட்டியே இருக்கிறது.

துப்பறியும் கதைகளில் இது உயிருக்கே ஆபத்து. சாண்டி பீட்டர்சனின் 'கால் ஆஃப் கதுல்ஹு' (1981) அபாரமான ஆட்டம். பயங்கரங்களைக் காணக் காணப் பாத்திரத்தின் மனநலம் எண்ணாகக் கரையும். ஆடுபவர்களே 'அந்தக் கதவைத் திறக்காதே' என்று கெஞ்சும் அளவுக்கு அந்த ஒரு விதி ஆட்டத்தின் சுபாவத்தைத் தீர்மானிக்கிறது. ஆனால் நூலகத்தில் தடயம் தேடும் பகடை தவறிவிட்டால் மர்மம் அங்கேயே நின்றுபோகும். மாஸ்டர் ஏதாவது சாக்குச் சொல்லித் தடயத்தைக் கையில் திணிக்க வேண்டியிருக்கும். ராபின் லாஸ் 2007-ல் 'கம்ஷூ' முறையைக் கொண்டுவந்தபோது இந்த முடிச்சை ஒரே வெட்டில் வெட்டினார்: சரியான திறமையுள்ளவர் சரியான இடத்தில் தேடினால் முக்கியத் தடயம் கிடைத்தே தீரும், பகடையே வேண்டாம். துப்பறியும் கதையின் சுவை தடயம் கிடைப்பதில் இல்லை, கிடைத்ததை வைத்து என்ன புரிந்துகொள்கிறோம் என்பதில்தான் என்ற வாதம் அதன் அடியில் இருக்கிறது.

மெகுவி பேக்கரும் வின்சென்ட் பேக்கரும் எழுதிய 'அபோகலிப்ஸ் வேர்ல்ட்' (2010) வேறு வழியில் போனது. இரண்டு ஆறு முகப் பகடைகள், கூட்டுத்தொகை. 10 அல்லது மேல் என்றால் நினைத்தது நடக்கும். 6 அல்லது கீழ் என்றால் வில்லங்கம். 7 முதல் 9 வரை என்றால் நடக்கும், ஆனால் ஏதாவது விலை கொடுக்க வேண்டும். கூடுதல் எண் எதுவும் இல்லாத பாத்திரத்துக்கு முழு வெற்றி 36-ல் 6. நடுத்தரம் 15. வில்லங்கம் 15. கூட்டல் ஒன்று கிடைத்தால் 10, 16, 10. அப்போது நடுப்பகுதிதான் எல்லாவற்றையும்விடப் பெரியது. இதே முறையைப் பாதாள உலகத்துக்குக் கொண்டுவந்த 'டன்ஜன் வேர்ல்ட்' (2012) ஆட்டத்தில் அந்தப் பூட்டையே திறந்து பாருங்கள். எட்டு விழுகிறது. பூட்டு திறக்கிறது, ஆனால் கம்பி உள்ளே முறிந்துவிட்டதா, சத்தம் கேட்டுக் காவலாள் எழுந்துவிட்டானா? ஏதோ ஒன்று மாறியே தீரும்.

இதற்கும் ஒரு சுமை உண்டு. ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு புது வில்லங்கத்தை மாஸ்டர் அந்த இடத்திலேயே கற்பனை செய்ய வேண்டும். மூன்று மணி நேரம் கழிந்தபின் எல்லாப் பூட்டுகளிலும் கம்பி முறிய ஆரம்பித்துவிடும். தீப்பந்த விதி களைப்பதில்லை, மனிதர்கள் களைப்பார்கள். பழைய பாதாளக் கணக்கை நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்: கற்பனை வற்றிய நேரத்திலும் அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும்.

கடைசியாக, விதி இல்லாத இடங்கள். 1974-ன் மூன்று புத்தகங்களில் வீரன், மந்திரவாதி, பூசாரி என்று மூன்று வகைப் பாத்திரங்கள்தான். திருடன் கிடையாது. ஒளிந்து நடப்பதும், பொறிகளைக் கண்டுபிடிப்பதும், சுவர் ஏறுவதும் எல்லாருக்கும் பொது. 'நீண்ட கம்பால் தரையைத் தட்டிப் பார்க்கிறேன்', 'தண்ணீரை ஊற்றி எங்கே இறங்குகிறது என்று பார்க்கிறேன்' என்று வாயால் சொல்லியே பிழைக்க வேண்டும். 1975-ல் வந்த 'கிரேஹாக்' இணைப்பு நூல் திருடனைச் சேர்த்தது. ஒளிய இவ்வளவு சதவீதம், பொறியைச் செயலிழக்கச் செய்ய இவ்வளவு சதவீதம். யாரிடமிருந்தும் எதையும் பறிப்பதாக அந்த விதியில் ஒரு வரி இல்லை. ஆனால் பறித்தது. 'ஒளிவது திருடன் வேலை' என்று வீரன் ஒதுங்கிக்கொண்டான். திருடனோ முதல் நிலையில் பத்து, பதினைந்து சதவீதத்தை வைத்துக்கொண்டு அந்த வேலையில் பெரும்பாலும் தோற்றுக்கொண்டிருந்தான். ஒருவருக்கு உரிமை எழுதிக் கொடுத்த அன்றே மற்றவர்களின் வாய் அடைபட்டுவிட்டது.

பழைய பாணியில் இன்று ஆட்டம் எழுதுபவர்கள் சிலர் திருடனையே நீக்கிவிடுகிறார்கள். எனக்குப் பிடித்தது வேறொரு தீர்வு. பொறியை யார் வேண்டுமானாலும் வாயால் சொல்லி, கையால் தடவிக் கண்டுபிடிக்கலாம். சொன்னது பொருத்தமாக இருந்தால் பகடை இல்லாமலே பலிக்கும். அப்படிச் சொல்லியும் முடியாமல் போனால் திருடனுக்கு மட்டும் பகடையில் இன்னொரு வாய்ப்பு. மற்றவர்கள் பேசிப் பார்த்துக் கைவிட்ட பூட்டில் அவன் தன் பதினைந்து சதவீதத்தை உருட்டிப் பார்க்கிறான். விழாவிட்டாலும் யாரும் முனகுவதில்லை.